துனிசியாவில் மக்களாட்சி இனி திரும்புமா?

கேள்வி – 3 அக்டோபர் 2025

அண்ணே, நீங்கள் துனிசியாவில் நாலு வருஷம் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். பத்து வருஷம் தேர்தல், அரசியல் சாசனம், நோபல் பரிசு என்று என்னென்னவோ நடந்தது, கடைசியில் பழைய குருடி கதவைத் திறடி ஆகிவிட்டது. அரபு நாடுகளுக்கு ஜனநாயகம் ஒத்துவராது, பிரெஞ்சுக்காரன் கையிலேயே இருந்திருக்கலாம் என்கிறான் என் அறை நண்பன். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் படுகிறது. தப்பா?

4 அக்டோபர், காலை

தப்புதான் தம்பி. இரண்டாவது பாதி ரொம்பவே தப்பு. பிரெஞ்சுக்காரன் துனிசியர்களுக்கு ஜனநாயகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான், அவர்கள்தான் பாதியில் எழுந்து ஓடிவிட்டார்கள் என்பது போல இருக்கிறது உங்கள் நண்பர் பேச்சு. 1938 ஏப்ரல் 9 அன்று துனிஸ் நகரில் நாடாளுமன்றம் வேண்டும் என்று கேட்டு ஊர்வலம் போனவர்களைச் சுட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் ஃபர்ஹாத் ஹஷத்தை 1952 டிசம்பரில் காரில் போகும்போது சுட்டுக் கொன்றார்கள். அது பழைய கதை என்றால் புதுசு ஒன்று: 2011 ஜனவரியில் துனிசியப் போலீஸ் தெருவில் ஆட்களைச் சுட்டுக்கொண்டிருந்தபோது, கூட்டத்தை அடக்குவதில் எங்கள் அனுபவத்தைத் தரத் தயார் என்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் அவர்கள் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். அடுத்த சில நாளில் துனிசியாவின் சர்வாதிகார ஜனாதிபதி பென் அலி நாட்டைவிட்டு விமானம் ஏறிவிட்டார், அந்த அமைச்சர் அம்மாவின் பதவியும் அதே குளிர்காலத்தில் போனது.

"ஒத்துவராது" என்பதற்கு நான் பார்த்ததையே சொல்கிறேன். 2012 கடைசியிலிருந்து 2016 வரை ஸ்ஃபாக்ஸ் பக்கத்தில் ஒரு பாஸ்பாரிக் அமில ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை. எங்கள் ஷிப்ட் ஃபோர்மேன் அப்போது ஐம்பதை நெருங்கியவர். 2014 அக்டோபர் தேர்தலுக்கு மறுநாள் வேலைக்கு வந்தவர் விரலில் இருந்த நீல மையைக் கழுவவே இல்லை. எங்களுக்குக் கையுறை கட்டாயம். அவர் மட்டும் டீ இடைவேளையில் முதலில் இடது கையுறையைக் கழற்றுவார், விரல் தெரியுமாறு கோப்பையைப் பிடிப்பார். யாராவது "யாருக்குப் போட்டாய்" என்று கேட்டால், "அதுதான் ரகசியம் ஆயிற்றே" என்று ஒரு சிரிப்பு. பென் அலி காலத்தில் யாருக்குப் போட்டாய் என்று யாரும் கேட்டதில்லையாம், ஏனென்றால் பதில் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆளிடம் போய் உங்களுக்கு இது ஒத்துவராது என்று சொல்லிப் பாருங்கள்.

2014 ஜனவரியில் நீங்கள் சொன்ன அந்த அரசியல் சாசனத்தை, அதை எழுதிய சபையில் 200 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர்கள் 12 பேர். மதக் கட்சியும் மதச்சார்பற்றவர்களும் ஒரே பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதே ஆண்டுத் தேர்தலில் தோற்ற அந்த மதக் கட்சியான அன்னஹ்தாவின் தலைவர் கன்னூஷி, ஜெயித்த மதச்சார்பற்ற கட்சியின் தலைவர் எஸ்ஸெப்ஸியைப் போனில் அழைத்து வாழ்த்தினார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. இப்போதைய ஜனாதிபதி கைஸ் சயீத் என்கிற ஒரே ஆள் 2021இல் உடைத்தார். அவ்வளவுதான் விஷயம்.

4 அக்டோபர், இரவு

ஒரு சின்னத் திருத்தம். "காலனி" என்று எல்லாரும் எழுதுகிறோம், துனிசியா சட்டப்படி காலனி அல்ல, பாதுகாப்பு நாடு. 1881இல் பார்தோ ஒப்பந்தத்தில் அங்கிருந்த பே என்னும் அரசரிடம் கையெழுத்து வாங்கி, அவரை அரண்மனையிலேயே உட்காரவைத்துவிட்டு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து அல்ஜீரியா மாதிரி பிரான்சின் மாவட்டமாகவே ஆக்கவில்லை. 1956இல் விடுதலை வந்தபோது துனிசியாவுக்கு ஓர் அலுவலகம், கோப்பு, எழுத்தர் எல்லாம் மிச்சமிருந்தன. அல்ஜீரியாவுக்கு ஏழரை ஆண்டுப் போர்தான் மிஞ்சியது, அதிலிருந்து முளைத்த ராணுவம் இன்றுவரை நகரவில்லை. இரண்டையும் ஒரே "அரபு நாடு" என்ற கூடையில் போடும்போது இதெல்லாம் காணாமல் போய்விடுகிறது.

6 அக்டோபர்

"ஒரே ஆள் உடைத்தார், அவ்வளவுதான்" என்று எழுதியது இரண்டு நாளாக உறுத்துகிறது. எழுதின கையோடு அந்த ராத்திரி ஞாபகம் வந்துவிட்டது.

2021 ஜூலை 25. நான் அப்போது சென்னையில். நள்ளிரவு தாண்டி ஃபோர்மேனிடமிருந்து வீடியோ அழைப்பு. ஸ்ஃபாக்ஸில் தெரு முழுக்கக் கார் ஹாரன், பெண்கள் பால்கனியில் நின்று குலவையிடுகிறார்கள். ஏதோ கால்பந்துக் கோப்பை ஜெயித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சயீத் நாடாளுமன்றத்தை நிறுத்திவிட்டார், பிரதமரை நீக்கிவிட்டார், அதற்குத்தான் கொண்டாட்டம். மை விரலைக் கோப்பையில் காட்டிய அதே ஆள், தான் ஓட்டுப் போட்ட நாடாளுமன்றத்தைப் பூட்டியதற்கு ஹாரன் அடிக்கிறார்! "கூயா, கடைசியில் ஒருவர் மேசையைத் தட்டினார்" என்றார். (கூயா என்றால் சகோதரா.) எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாழ்த்து சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் பக்கத்தையும் சொல்லவேண்டும். அந்த ஜூலையில் கொரோனா சாவு அங்கே உச்சத்தில் இருந்தது, ஆக்சிஜன் இல்லை. நாடாளுமன்றத்தை டிவியில் நேரடியாகக் காட்டுவார்கள், அதில் ஒரு பெண் உறுப்பினரைச் சக உறுப்பினர் எழுந்து வந்து அடித்ததை நாடே பார்த்தது. 2011க்குப் பிறகு ஏறக்குறைய ஆண்டுக்கு ஓர் அரசு. அமைச்சர் பெயரை மனப்பாடம் செய்வதற்குள் ஆள் மாறிவிடுவார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, மேசையைத் தட்டியவர் கையில் பூட்டும் இருந்தது கண்ணில் படவில்லை. எனக்கு மட்டும் பட்டதா என்ன.

7 அக்டோபர்

சரி, ஏன் அவ்வளவு வெறுத்துப்போனார்கள் என்று தம்பி கேட்டிருக்கிறார். புத்தகத்தில் படித்ததை விட்டுவிட்டு எனக்குத் தெரிந்த ரயிலைப் பற்றிச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

எங்கள் ஆலைக்குப் பாறை பாஸ்பேட் கஃப்ஸா பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து வரும். மெத்லாவி, ரெதேயெஃப், அந்தப் பக்கம். வருவது ரயிலில். பாறையைக் கந்தக அமிலத்தில் கரைத்து பாஸ்பாரிக் அமிலம் எடுப்போம். அது கப்பலேறி இந்தியாவுக்கு வந்து நம்மூர் வயலில் உரமாகிறது. ரயில் நின்றால் கொஞ்ச நாள் சேமிப்புக் கிடங்கில் இருப்பதை வைத்து ஓட்டலாம், பிறகு ஆலையை நிறுத்தவேண்டியதுதான். நிறுத்தினால் குழாய்க்குள் ஜிப்சம் இறுகிப்போகும். சுத்தியலும் உளியும் கொண்டு தட்டி எடுக்கவேண்டும், ஃபில்டர் துணி எல்லாம் பலகை மாதிரி விறைத்து நிற்கும். நான் இருந்த நாலு வருஷத்தில் இந்தக் கூத்து எத்தனை முறை என்ற கணக்கையே விட்டுவிட்டோம். காரணம் எப்போதும் ஒன்று: தண்டவாளத்தில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2010இல் நாடு தோண்டிய பாஸ்பேட் சுமார் 80 லட்சம் டன். அடுத்த ஆண்டே அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்துவிட்டது. ஆலையில் எல்லாருக்கும் அந்தப் பையன்கள் மேல் எரிச்சல், எனக்கும்தான். ஒரு விடுமுறை நாளில் லுவாஜ் பிடித்து மெத்லாவி போனேன். (லுவாஜ் என்றால் பங்கு வண்டி. எட்டுப் பேர் சேர்ந்தால்தான் கிளம்பும், எட்டாவது ஆளுக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம், அந்த ஆள் வந்ததும் எல்லாரும் கைதட்டினோம்.) தண்டவாளத்துக்குக் குறுக்கே ஒரு தார்ப்பாய்க் கூடாரம், உள்ளே ஒரு சின்ன அடுப்பு, கருப்பு டீ, நாலு பேர் சீட்டாட்டம். ஒருத்தன் இயற்பியல் பட்டதாரி. வேலைக்கு மனுப் போட்டு ஆறு வருஷமாம். அவன் சொன்னது இது: "பென் அலி காலத்தில் இப்படி உட்கார்ந்தால் அடிக்க வருவார்கள். இப்போது அடிக்கவும் யாரும் வருவதில்லை, என்ன வேண்டும் என்று கேட்கவும் யாரும் வருவதில்லை." எனக்கும் ஒரு டீ கொடுத்தான். நான் எந்த ஆலையில் வேலை செய்கிறேன் என்று சொல்லவில்லை.

இதே ஊர்க்காரர்கள்தான் 2008இல் பாஸ்பேட் கம்பெனி வேலை நியமனத்தில் மோசடி என்று ஆறு மாதம் போராடினார்கள். சிடி பூசிட் ஊரில் தெருவியாபாரி பூஅசீசி தன்னைக் கொளுத்திக்கொண்டு, அதிலிருந்து புரட்சி கிளம்புவதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே. 2011இல் தெருவில் கேட்ட கோஷத்தில் முதல் சொல் வேலை, அப்புறம்தான் சுதந்திரம், தேசத்தின் தன்மானம். சுதந்திரம் வந்தது. வேலைக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? பாஸ்பேட் கம்பெனிக்குக் கீழே "சுற்றுச்சூழல் கம்பெனி" என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தார்கள். மரம் நடுவது வேலை. சம்பளம் மாதாமாதம் வந்தது, மரத்தைத்தான் காணோம், ஆட்கள் காபிக் கடையில் இருந்தார்கள். வேலை கிடைக்காதவன் அதைப் பார்த்துவிட்டு அவனும் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தான்.

அந்தத் தண்டவாளம் போட்டது பிரெஞ்சுக் கம்பெனி, 1890களில். மலையிலிருந்து துறைமுகத்துக்கு ஒரே கோடு. நடுவில் இருக்கிற ஊர்களுக்கு அதனால் என்ன பயன் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. விடுதலைக்குப் பிறகு முதல் ஜனாதிபதியான பூர்கிபா யோசிக்கவில்லை, பென் அலியும் யோசிக்கவில்லை. புரட்சிக்குப் பிறகு வந்தவர்களும் அதே கோட்டைத்தான் ஓட்டினார்கள். காலனி ஆதிக்கம் விட்டுப்போனது என்று நிறைய எழுதுகிறார்கள், எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது இந்தக் கோடு.

9 அக்டோபர்

"சட்டப்படி சயீத் எப்படிச் செய்தார், யாரும் தடுக்கவில்லையா?" நல்ல கேள்வி. எனக்கு இதில் பாதி புரிய ரொம்ப நாள் ஆனது.

2014 சாசனத்தில் 80ஆம் பிரிவு. நாட்டுக்கு உடனடி ஆபத்து வந்தால் ஜனாதிபதி சிறப்பு நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் நாடாளுமன்றம் கூடியபடியே இருக்கவேண்டும், 30 நாளுக்குப் பிறகு ஆபத்து இன்னும் இருக்கிறதா என்று அரசியல் சாசன நீதிமன்றத்திடம் கேட்கலாம். எழுதினவர்கள் விவரமானவர்கள்தான். ஒரே ஒரு சிக்கல், அந்த நீதிமன்றம் கிடையாது. 12 நீதிபதிகள்: நாடாளுமன்றம் 4, நீதித்துறைக் குழு 4, ஜனாதிபதி 4. முதலில் நாடாளுமன்றம் 145 ஓட்டில் நால்வரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஏழு வருஷத்தில் ஒரே ஒருவரைத்தான் அவர்களால் தேர்ந்தெடுக்க முடிந்தது. என் ஆளா உன் ஆளா என்ற சண்டையிலேயே காலம் போய்விட்டது. 2021 வசந்தத்தில் திடீரென்று அவசரம் வந்து 145ஐக் குறைக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். சயீத் கையெழுத்துப் போடவில்லை, கெடு தாண்டிவிட்டது என்றார். சட்டக் கல்லூரியில் சாசனம் கற்பித்த ஆள், எங்கே பூட்டு இல்லை என்று அவருக்குத் தெரியாதா?

எங்கள் ஆலையில் பாதுகாப்பு வால்வு ஒன்றை ஆர்டர் போட்டுவிட்டு, வரும்வரை அந்த இடத்தில் ஒரு மூடியை வைத்து முறுக்கியிருந்தார்கள். அந்த மூடி இரண்டு வருஷம் அங்கேயே இருந்தது. தினம் அதைத் தாண்டிப் போவோம். ஒன்றும் ஆகவில்லை என்பதால் யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு நடந்தது சறுக்கு மரம். 2022 பிப்ரவரியில் நீதித்துறைக் குழு கலைப்பு, ஜூனில் 57 நீதிபதிகள் நீக்கம், ஜூலையில் புதுச் சாசனம், செப்டம்பரில் 54ஆம் ஆணை. பொய்ச் செய்தி பரப்பினால் 5 ஆண்டுச் சிறை, அரசு ஊழியரைப் பற்றி என்றால் இரட்டிப்பு. டிவியில் கிண்டலாக ஒரு வரி சொன்ன வழக்கறிஞர் சோனியா தஹ்மானியை வழக்கறிஞர் சங்கக் கட்டிடத்துக்குள் புகுந்து பிடித்தார்கள். கன்னூஷி 2023 ஏப்ரலிலிருந்து சிறையில், எண்பது தாண்டிய மனிதர். இந்த ஆண்டு ஏப்ரலில் "சதி வழக்கு" என்று சுமார் 40 பேருக்குத் தண்டனை, அதிகபட்சம் 66 ஆண்டு.

9 அக்டோபர், சற்று நேரம் கழித்து

போன வருஷத் தேர்தலில் சயீத் வாங்கியது 90.69 விழுக்காடு. பென் அலி 1999இல் 99.45, 2004இல் 94.49, 2009இல் 89.62. ஆக இவர் பென் அலியின் கடைசிக் கணக்கை முந்திவிட்டார். பென் அலி தேர்தலுக்கு ஐந்து ஐந்தாக இறங்கிக்கொண்டிருந்தார் பாருங்கள், அதே வேகத்தில் போயிருந்தால் 2049 தேர்தலில் ஜனநாயக முறைப்படி தோற்றிருப்பார். பொறுமை இல்லாத ஜனங்கள்.

10 அக்டோபர்

2049 தப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 2049இல் 50.3 வருகிறது, மயிரிழையில் தப்பிவிடுகிறார். 2054. செத்து ஆறு வருஷம் ஆன மனிதரைப் பற்றி எதற்கு இவ்வளவு கணக்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்.

ஆனால் விழுக்காட்டைவிட வந்து ஓட்டுப் போட்டவர்கள் எண்ணிக்கையைப் பாருங்கள். 2022 டிசம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் 11 விழுக்காடு. 2024 ஜனாதிபதித் தேர்தலில் 28.8. போட்டியிட்டவர்களில் ஒருவர் சிறையில் இருந்தபடியே போட்டியிட்டார். மூன்று பேரின் மனுவைச் சேர்க்கச் சொல்லி நிர்வாக நீதிமன்றம் உத்தரவு போட்டது, தேர்தல் ஆணையம் கேட்கவில்லை. தேர்தலுக்குச் சில நாள் முன்பு அந்த நீதிமன்றத்திடமிருந்தே தேர்தல் வழக்குகளை எடுத்துவிட்டார்கள். ஃபோர்மேன் ஓட்டுப் போடவில்லை. கேட்டதற்கு, பல்வலி என்றார்.

13 அக்டோபர்

ராணுவம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: எகிப்து மாதிரி தொழிற்சாலையும் நிலமும் வைத்திருக்கிற ராணுவம் இல்லை இது, சின்னது. பூர்கிபாவே வேண்டுமென்று சின்னதாக வைத்திருந்தார். 2011இல் ஆட்சியைப் பிடிக்கப் பார்க்கவில்லை. ஆனால் 2021இல் நாடாளுமன்ற வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்தியதும் இதே ராணுவம்தான், கன்னூஷி விடியற்காலையில் வெளியே காரில் உட்கார்ந்திருந்தார். சொன்னதைச் செய்கிற ராணுவம், சொல்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது.

ஐரோப்பாவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் வாய் கெட்டுவிடும். 2023 ஜூலையில் மூன்று தலைவர்கள் கிளம்பி வந்து, அகதிப் படகுகளைத் தடுக்க 10.5 கோடி யூரோ என்று ஒப்பந்தம் போட்டுக் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். கன்னூஷி உள்ளே போய் மூன்று மாதம்.

22 அக்டோபர்

மேலே நான் எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தால் ஜனங்கள் வெறுத்துப்போய் வீட்டில் படுத்துவிட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நேற்று கபெஸில் முழு வேலைநிறுத்தம். ஊரே தெருவில்.

கபெஸ் எங்கள் ஆலையிலிருந்து தெற்கே, கடற்கரை ஊர், கடலோரத்தில் பேரீச்சந்தோப்பு. அங்கே 1970களிலிருந்து அரசு ரசாயன ஆலை, எங்களுடையது மாதிரியேதான், பெரிசு. ஒரு டன் அமிலத்துக்கு ஏறக்குறைய ஐந்து டன் ஜிப்சம் கழிவு வரும். எங்கே போகும்? அங்கே நேராகக் கடலுக்கு. 2017இல் இதை நிறுத்துகிறோம், ஆலையை மாற்றுகிறோம் என்று அன்றைய அரசு வாக்கு கொடுத்தது. கவனியுங்கள், அது ஜனநாயக அரசு. ஒன்றும் நடக்கவில்லை. சயீத் வந்தார், அதே கழிவு, அதே கடல். இந்தச் செப்டம்பர், அக்டோபரில் ஆலைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் புகையில் மயங்கி விழுந்தார்கள். அதுதான் தீப்பொறி.

அந்த வாசனை எனக்குத் தெரியும். தொண்டையில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், சட்டையில் இரண்டு நாள் நிற்கும். நாங்கள் முகமூடி போட்டு, எட்டு மணி நேரம் முடிந்ததும் வண்டியேறிப் போய்விடுவோம். பக்கத்திலேயே வீடு இருப்பவர்களைப் பற்றி நான் அப்போது ஒரு வரிகூட யோசித்ததில்லை. ரயிலை மறித்த பையன்கள் மேல் வந்த எரிச்சல் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இந்த ஊர்வலத்தில் கட்சிக்கொடி கண்ணில் படவில்லை. யாரும் சாசனம் கேட்கவில்லை, தேர்தல் கேட்கவில்லை, ஆலையைப் பிரித்தெடு என்கிறார்கள். முன்னால் நின்று வேலைநிறுத்தம் அறிவித்தது யுஜிடிடி தொழிற்சங்கத்தின் அந்த வட்டாரக் கிளை, 4ஆம் தேதி நான் சொன்ன ஃபர்ஹாத் ஹஷத் தொடங்கிய சங்கம்தான். 2013இல் இரண்டு அரசியல் கொலைகளால் நாடு பிளக்கப்போன நேரத்தில் மற்ற மூன்று அமைப்புகளோடு சேர்ந்து பேச்சு நடத்தி நோபல் வாங்கியதும் அதுவே. இப்போது உள்ளே சண்டை, வெளியே அடி, இளைத்துப்போயிருக்கிறது. இருந்தாலும் ஒரு ஊரை ஒரு நாள் மூட அதனால் முடிகிறது.

26 அக்டோபர்

தம்பி நேராகவே கேட்டுவிட்டார், "திரும்புமா திரும்பாதா, ஒரு வார்த்தையில் சொல்லுங்கள் அண்ணே" என்று.

சீக்கிரம் திரும்பாது. அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029, அதில் நிஜப் போட்டி இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் ஒரே சிறையில் இருந்தும் ஒரே மேசைக்கு வரமாட்டேன் என்கிறார்கள். அன்னஹ்தாவோடு உட்காரமாட்டோம் என்று ஒரு பாதி, பென் அலி ஆட்களோடு உட்காரமாட்டோம் என்று மறுபாதி. வெளியே வந்தாலும் சண்டை போட்ட அதே 217 பேர் நாடாளுமன்றத்தை மறுபடி கூட்டுவார்கள் என்றால் ஜனம் எதற்காகத் தெருவுக்கு வரும்?

முதல் நாள் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். ஒரே ஆள் உடைக்கவில்லை. நீதிமன்றத்தை அமைக்காமல் விட்டவர்கள், மெத்லாவிக்கு மரம் நடும் சம்பளம் கொடுத்துத் தப்பித்தவர்கள், கபெஸுக்கு வாக்கு கொடுத்துவிட்டு மறந்தவர்கள், எல்லாருமாகச் சேர்ந்து திறந்துவைத்த கதவில் அவர் நுழைந்தார். அடுத்த முறை என்று ஒன்று வந்தால் அது துனிஸில் சாசனம் எழுதும் மண்டபத்தில் தொடங்காது, கபெஸ் மாதிரி ஒரு ஊரில் தொடங்கும் என்று படுகிறது. 2018இல் நகராட்சிகளுக்கு முதல் தடவையாக நிஜத் தேர்தல் நடந்தது, துனிஸ் நகருக்கு ஒரு பெண் மேயரானார். 2023 மார்ச்சில் அந்த மன்றங்கள் அனைத்தையும் சயீத் ஒரே அறிவிப்பில் கலைத்தார். உலகம் அதைக் கவனிக்கவே இல்லை, நானும் தாமதமாகத்தான் படித்தேன். குப்பைக்கும் புகைக்கும் போய்க் கேட்க இருந்த ஒரே வாசல் அது. மறுபடி அந்த மன்றங்களுக்குத் தேர்தல் என்று செய்தி வந்தால் எனக்கு எழுதுங்கள், அன்றைக்கு என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். 54ஆம் ஆணை போனாலும் சரி.

2 நவம்பர்

ஃபோர்மேனிடம் கேளுங்களேன் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். கேட்டேன். கபெஸ் பற்றி என்ன நினைக்கிறீர்கள், 2029இல் ஓட்டுப் போடுவீர்களா என்று வாட்ஸாப்பில். நீலக் குறி உடனே விழுந்தது. ஒரு நாள் பதில் இல்லை. மறுநாள் ஒரு படம் வந்தது, அவர் தோட்டத்து ஆலிவ் மரம், கிளை காய்ச்சுமையில் வளைந்து கிடக்கிறது. கீழே, இந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருக்கிறது கூயா, விலைதான் எப்படி இருக்குமோ, இன்ஷா அல்லா என்று எழுதியிருந்தார். என் கேள்வி இருந்த இடத்தைத் தேடினேன், தப்பு, அது என் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. அவர் பக்கத்தில் அழித்திருப்பார். இனிமேல் இப்படிக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தமாட்டேன், நீங்களும் கேட்கச் சொல்லாதீர்கள்.